ஏழாம் நாள், குற்றாலம்

காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆறு நாள் பழக்கம். கண்ணைத் திறக்காமலே கை ஹெல்மெட்டைத் தேடித் துழாவியது. அப்புறம்தான் நினைவு வந்தது: இன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம். சனிக்கிழமை, குற்றாலம், ஓய்வு நாள். போர்வையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டேனே, அந்த ஒரு சுகத்துக்காகவே சென்னையிலிருந்து இன்னொரு தடவை மிதித்து வர நான் தயார்.

தூங்கத்தான் முடியவில்லை. சன்னலைத் திறந்தால் மலையைக் காணோம், முழுக்க மேகம். தூறல் என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. முகத்தில் பூ விழுவதுபோல விழுந்தது சாரல். எங்கேயோ ஒரு இரைச்சல், விடாமல். முதலில் லாரிதான் வருகிறது என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் லாரி வந்து சேரவில்லை. அருவி!

நாங்கள் நான்கு பேர். எங்களுக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணனுக்கு 54 வயது, ஆலையில் ஃபிட்டராக இருப்பவர். டீச்சர் பள்ளியில் தமிழ் எடுப்பவர். தம்பிக்கு 23 வயது, இதுதான் அவனுக்கு முதல் நெடும்பயணம். நான்காவது ஆள் நான். போன ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி. மறுநாள் சிதம்பரம் தாண்டிக் கும்பகோணம். பிறகு தஞ்சாவூர் வழியே புதுக்கோட்டை, நான்காம் நாள் மதுரை, ஐந்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குற்றாலம். எல்லாம் சேர்த்துச் சுமார் 650 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புளியங்குடியில் எலுமிச்சைச் சாறு குடிக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடையநல்லூர் தாண்டியதும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று வலப்பக்கத்திலிருந்து வந்து அறைய ஆரம்பித்தது. ஜூலை மாதம், தென்மேற்குப் பருவக்காற்று மலையில் கிடைத்த இடைவெளி வழியாகத்தான் இந்தப் பக்கம் புகுந்து வரும். அந்தக் காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தே கிலோமீட்டர். எதிர்காற்றில் அதை மிதித்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. விடுதி வாசலில் இறங்கியபோது என் சட்டைப் பொத்தானைக் கழற்ற எனக்கே முடியவில்லை. இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்தன. நாள் முழுக்க ஹேண்டில்பாரில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே போனால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி இப்படி ஆகும். டீச்சர்தான் கழற்றிவிட்டார்.

கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காற்று எதிரே இருந்தால் ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்தை ஒட்டிச் சக்கரமாகத்தான் போக வேண்டும். முன்னால் போகிறவர் காற்றை வெட்ட, பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறையும். முன்னால் போகிறவர் களைத்ததும் விலகிப் பின்னால் வருவார், அடுத்தவர் முன்னே போவார். ஆக, ஆறு நாளும் ஒன்றாகவே வந்தோம் என்று பெயர், நான் பார்த்தது அண்ணனின் முதுகைத்தான். அந்த நீலச் சட்டையில் உப்புப் பூத்த கோடுகள் எத்தனை என்றுகூட எனக்குத் தெரியும். முகம் பார்த்துப் பேசியதெல்லாம் டீக்கடையில் பத்து நிமிடம், ராத்திரி சாப்பாட்டில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திலும் பாதி, ‘நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?’ என்பதிலேயே போய்விடும்.

இதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு மனஸ்தாபம். புதுக்கோட்டை–மதுரைச் சாலையில், நடு வெயிலில், தம்பி தன் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டிவிட்டான். அண்ணன் பின்தங்கிவிட்டார். “குழுவா வர்றதுன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?” என்று அவர் கேட்க, இவன் பதில் சொல்ல, அதோடு பேச்சு நின்றுபோனது. இரண்டு நாளாக உப்பு வேண்டுமென்றால்கூட டீச்சர் வழியாகத்தான் போகும், வரும்.

இப்படிப்பட்ட நான்கு பேருக்குத்தான் கடவுள் ஓய்வு நாளைப் படைத்தார்.

ஆறரைக்கு மொட்டை மாடிக்குப் போனால், கூரைக்கடியில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய், அதில் நாலு மிளகு, இரண்டு பல் பூண்டு. விடுதிச் சமையலறையில் கேட்டு இளஞ்சூடாகக் காய்ச்சி வாங்கி வந்திருக்கிறார். “சனிக்கிழமையில்லா, சும்மா விடலாமா?” என்றார். நான் என் கெண்டைக்காலை நீட்டினேன். அவர் விரல் பட்ட இடமெல்லாம் கல். பெருவிரலால் குதிகாலிலிருந்து முழங்காலை நோக்கி மெல்ல உருட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் உயிர் போனது, அதே இடத்தில் அப்படியே நிறுத்தி அழுத்தினார். பத்து எண்ணுவதற்குள் அந்த முடிச்சு வெண்ணெய்போல் இளகியது. ஆலையில் எந்திரத்தின் போல்ட்டை இறுக்கித் தளர்த்திப் பழகிய விரல்கள் ஐயா அவை!

தம்பி மாடிப்படியில் வந்து நின்றான். திரும்பிப் போகவும் மனமில்லை, வரவும் தயக்கம். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உக்காரு. சட்டையக் கழட்டு” என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்தான். உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்து ‘சப்’பென்று ஒரு தட்டு தட்டினார் பாருங்கள், எங்கள் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் மட்டும், எண்ணெய்க் குளியலுக்குப் பெண்களின் நாளான வெள்ளிக்கிழமை சாலையிலேயே போய்விட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்கென்ன, அவரும் ஒரு கிண்ணம் எண்ணெயை வாங்கிக்கொண்டு கீழே போனார்.

அருவியில் எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதுவும் கூடாது. அதனால் விடுதியிலேயே வெந்நீரில் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, துண்டும் மாற்றுத்துணியுமாகப் பேரருவிக்கு நடந்தோம். செருப்புப் போட்ட கால், பெடல் இல்லாத கால், தரையில் நடக்கும் கால்! ஆறு நாளைக்குப் பிறகு நடப்பதே ஒரு புது வித்தை மாதிரி இருந்தது.

பேரருவியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் சத்தம் வராது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் ஆளே இருக்க மாட்டோம். நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குடைவில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்துதான் கீழே இறங்குகிறது. தண்ணீர் அதிகமாகி, அருவியடியில் இருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்ட ஆரம்பித்தால் போலீஸ் விசில் ஊதிக் குளிக்கிறவர்களை வெளியே அனுப்பிவிடும். அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம், ஆர்ச்சுக்குள் அடங்கி, அதே சமயம் கொழுத்த தண்ணீர். ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். டீச்சர் அந்தப் பக்கம் போனார், நாங்கள் மூன்று பேரும் இந்தப் பக்கம்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். முதல் அடி தோளில். மூச்சு நின்றது. பிறகு முதுகைத் திருப்பிக் கொடுத்தேன். ஆயிரம் உள்ளங்கைகள் ஒரே நேரத்தில் முதுகைத் தட்டுகிற மாதிரி! கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, ஆறு நாளாக ஹேண்டில்பார்மேல் குனிந்து குனிந்து இறுகிப்போன அந்த இடத்தில் தண்ணீர் விழ விழ, யாரோ உள்ளே போய் ஒவ்வொரு கயிறாக அவிழ்த்துவிடுவது போலிருந்தது. கண்ணைத் திறக்க முடியாது, காதில் வேறெதுவும் கேட்காது. பக்கத்தில் நிற்பது அண்ணனா, தூத்துக்குடிக்காரரா, கொல்லத்திலிருந்து வந்தவரா, தெரியாது. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள், நானும் கத்தினேன். வெளியே வந்து, நடுங்கி, மறுபடி உள்ளே போனோம். எத்தனை முறை என்று எண்ணவில்லை. தம்பியை இழுத்து வரத்தான் பாடாய்ப் பட்டோம். டீச்சர் எங்களுக்கு முன்பே வெளியே வந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உதடெல்லாம் நீலம் பாரித்து நின்றுகொண்டிருந்தார். “இதுக்கே மெட்ராஸ்லேருந்து நடந்தே வரலாம்” என்றார்.

அருவியில் குளித்துவிட்டு வரும் பசிக்கு உலகத்தில் ஈடு கிடையாது. ஆளுக்கு எத்தனை இட்லி என்று கேட்காதீர்கள். நெடுந்தூரம் மிதிக்கும்போது தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்து தீர்ந்துகொண்டே வரும். அதை மறுபடி நிரப்ப ஒரு முழு நாள் நல்ல சாப்பாடும் ஓய்வும் வேண்டும். அந்தக் கடமையை நாங்கள் சாம்பாரோடும் இரண்டு வகைச் சட்னியோடும் நெஞ்சாரச் செய்தோம்.

பிறகு சைக்கிள்கள். ஓய்வு நாளில் சைக்கிளைத் தொடவே கூடாது என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சியில்லை, அண்ணன் நிச்சயமாக இல்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில்கூட 21 கட்டங்களுக்கு நடுவே வழக்கமாக இரண்டு ஓய்வு நாள்தான் உண்டு; அன்றைக்கும் வீரர்கள் ஓரிரு மணி நேரம் மெதுவாக மிதித்துவிட்டு வருவார்கள். அடியோடு படுத்துவிட்டால் மறுநாள் கால் இரும்பாகிவிடும். 1903-ல் நடந்த முதல் பந்தயத்தில் மொத்தமே 6 கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நாட்கள் ஓய்வு. அதைச் சொன்னதும் தம்பிக்கு 1903-ஆம் ஆண்டின்மேல் அபார மரியாதை வந்துவிட்டது.

விடுதி முற்றத்தில் நான்கு சைக்கிளையும் கவிழ்த்துப் போட்டோம். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தால் கறுப்புக் குழம்பாக வழிந்தது கிழக்குக் கடற்கரைச் சாலை மணலும், தஞ்சாவூர்ப் புழுதியும். துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினேன். சத்தமே இல்லை! டயரில் ஒட்டியிருந்த முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் ஊசியால் நோண்டி எடுப்பது டீச்சரின் வேலை. ஒரு சீமைக்கருவேல முள் டியூப்பைத் தொட நூலிழைதான் பாக்கி. அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

என் பின்சக்கரத்தில் ஒரு கம்பி உடைந்து, சக்கரம் மட்கார்டில் உரசிக்கொண்டே வந்திருந்தது. அதற்காகத் தென்காசி போனோம். இங்கேதான் அந்த நாளின் இன்னொரு பேரின்பம். பைகளை விடுதியிலேயே விட்டுவிட்டோம். ஆறு நாளாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ சுமந்த சைக்கிள், இப்போது வெறும் சைக்கிள். ஒரு மிதி மிதித்தால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகிறது. காற்று வேறு பின்னாலிருந்து தள்ள, உரசலோடேயே ஐந்து கிலோமீட்டர் போன இடம் தெரியவில்லை.

சைக்கிள் கடைப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றிப் புதுக் கம்பி போட்டு, கோட்டம் எடுக்க ஆரம்பித்தார். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, விளிம்போரம் கட்டை விரல் நகத்தை அசையாமல் வைத்துக்கொள்கிறார். எந்த இடத்தில் நகத்தில் உரசுகிறதோ, அந்த இடத்துக் கம்பிக்குக் கால் திருகு. மறுபடி ஒரு சுற்று. அரைத் திருகு. கண் சக்கரத்தில் இல்லை, தெருவில் போகிறவர்களிடம் பேச்சு நடக்கிறது. நகத்துக்குத்தான் எல்லாம் தெரிகிறது. முடித்ததும் சுற்றிவிட்டார். தண்ணீர் நிறைந்த தட்டுபோல அலுங்காமல் சுற்றியது சக்கரம். எங்கிருந்து வருகிறோம் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னோம். “மெட்ராஸ்ல இருந்து சைக்கிள்லயா வந்திய?” என்று நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தவர், கம்பிக்கு மட்டும் காசு வாங்கினார். “கூலி வேண்டாம், போயிட்டு வாங்க” என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

அங்கிருந்து பிரானூர் பார்டர். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது; அந்த ஆண்டு நவம்பர் 1-இல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லை போய் இத்தனை காலமாகியும் ‘பார்டர்’ என்ற பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டது, பரோட்டாவோடும் ஒட்டிக்கொண்டது. வாழை இலையில் உள்ளங்கை அகலப் பரோட்டா, மேலே மொறுமொறு, உள்ளே அடுக்கடுக்காகப் பஞ்சு. பிய்த்துப் போட்டு, கோழிச் சால்னாவைக் குளம் கட்ட ஊற்றி, இரண்டு நிமிடம் ஊற விட வேண்டும். அவசரப்படக் கூடாது. பயண நாளில் மத்தியானம் இப்படிச் சாப்பிட முடியாது, சாப்பிட்டால் அடுத்த மேட்டிலேயே வயிறு கேள்வி கேட்கும். அன்றைக்கு எந்த மேடும் இல்லை. தம்பி தன் இலையிலிருந்த கோழித் துண்டை எடுத்து அண்ணன் இலையில் வைத்தான். “நீ தின்னுடா, வளர்ற புள்ள” என்று திருப்பி வைத்தார் அவர். டீச்சர் என்னைப் பார்த்தார். உப்புத் தூது போகும் வேலை தீர்ந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில்.

மூன்று மணி நேரத் தூக்கம். மத்தியானத் தூக்கத்தைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். சாரல் காற்று சன்னல் வழியே வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகும், அதற்கு மேல் நினைவில்லை.

எழுந்து டீ குடித்துவிட்டுக் கடைத்தெருவில் மங்குஸ்தான் வாங்கினோம். சட்டியில் கொதிக்கும் தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காயை நேராகச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார் ஒருவர். அதிலும் கால் கிலோ. கோயில் திண்ணையோரம் வட்டமாக உட்கார்ந்தோம். மங்குஸ்தானில் ஒரு விளையாட்டு உண்டு. பழத்தின் அடியில் சின்னப் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை வெள்ளைச் சுளை. டீச்சர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. தம்பி ஆறு இதழ் எண்ணினான். நான் இரண்டு பெருவிரலாலும் நடுவில் அழுத்தித் திருகினேன். ஊதாத் தோல் பிளந்தது, உள்ளே பஞ்சு உருண்டை மாதிரி ஆறு சுளை! அப்போதுதான் கவனித்தேன், விரல்களில் மரமரப்பு இல்லை. பழத்தின் ஈரம் சுண்டுவிரல்வரை குளிர்ந்தது. அடுத்தது ஏழு இதழ், ஏழு சுளை. அப்புறம் ஐந்து. கொண்டுவந்த அத்தனை பழமும் தீரும்வரை எண்ணிக்கொண்டே இருந்தோம்.

குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, குளக்கரையில் இருக்கிறது சித்திர சபை. உள்ளே சுவரெங்கும் ஓவியம். நடராசரே இங்கே ஓவியமாகத்தான் ஆடுகிறார். டீச்சர் சட்டென்று நின்றார். “நாம வந்த வழியப் பாத்தீங்களா? திங்கக்கிழமை சிதம்பரம், பொற்சபை. வியாழன் மதுரை விட்டுக் கிளம்பினோம், அது வெள்ளியம்பலம். இது சித்திர சபை. நாளைக்குத் திருநெல்வேலி வழியாப் போனா தாமிர சபை.” ஐந்து சபைகளில் நான்கு எங்கள் தடத்திலேயே இருந்திருக்கின்றன, திருவாலங்காட்டு ரத்தின சபை ஒன்றுதான் பாக்கி. பாபநாசம், களக்காடு வழியாகப் போவதாக இருந்த திட்டம் அந்த நிமிடமே மாறியது. மலையோரச் சாலையை விட்டுத் திருநெல்வேலிச் சாலை. யாரும் மறுக்கவில்லை. ஆறு நாளாக வரைபடத்தில் நான் பார்த்தது கிலோமீட்டரையும் டீக்கடையையும் மட்டும்தான். இப்படி ஒரு கோடு அதில் ஓடுவதைக் காட்ட டீச்சருக்கு ஒரு சும்மா இருக்கும் சாயங்காலம் தேவைப்பட்டிருக்கிறது.

ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்துவிடுவது என்று முடிவு. பதினொன்றரை வரை பேசினோம். கம்பராமாயணத்தில் ஊறிய ரசிகமணி டி.கே.சி. இந்தக் குற்றாலத்தில்தான் வந்து தங்கியிருந்தார், நண்பர்களை வரவழைத்துக் கவிதை பேசிப் பேசியே நாளைக் கழித்தார் என்று டீச்சர் சொன்னார். கல்கியும் ராஜாஜியும் அந்த வீட்டுக்கு வந்தவர்கள். எங்கள் பேச்சில் கம்பர் இல்லை. அண்ணன் இருபது வயதில் வாடகைச் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றியதைச் சொன்னார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை, நேரம் தாண்டாமல் திருப்பிக் கொடுக்க எட்டு மைல் மூச்சு விடாமல் மிதித்தாராம். தம்பி தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டான். பிறகு அவனாகவே மெதுவாகச் சொன்னான், அன்றைக்கு வேகமாகப் போனது வேண்டுமென்றல்ல, நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில் என்று. “அதச் சொல்லியிருக்கலாமேடா” என்றார் அண்ணன். குண்டு பல்பு வெளிச்சத்தில் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். புருவத்தில் ஒரு பழைய தழும்பு. ஆறு நாள் கூட வந்தும் எனக்கு அது தெரியாது.

துவைத்துப் போட்ட துணி எதுவும் காயவில்லை. சாரல் ஊரில் எப்படிக் காயும்? ஞாயிறு காலை ஈரத்தோடேயே எடுத்துப் பின்கேரியரில் பைகளின்மேல் விரித்து, ரப்பர் கயிறு போட்டுக் கட்டினோம். காற்றடித்து, டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். தென்காசி தாண்டிச் சாலை கிழக்கே திரும்பியதும், வெள்ளிக்கிழமை எங்களை அறைந்த அதே கணவாய்க் காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது. முதுகுக்குப் பின் ஒளிந்துகொள்ள வேலையே இல்லை. விடிகாலை, வண்டி நடமாட்டம் கிடையாது. வரிசை தானாகக் கலைந்து இரண்டிரண்டு பேராகப் பக்கம் பக்கமாக வந்தோம். முன்னால் அண்ணனும் தம்பியும், வாடகைச் சைக்கிள் கதையின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. பாவூர்சத்திரம் வருவதற்குள் அண்ணனின் நீலச் சட்டை காய்ந்து, கேரியரில் படபடவென்று அடித்துக்கொண்டது. அதில் உப்புக் கோடு ஒன்றுகூட இல்லை.